முன்பனிக் காலமும் மோட்டார்ப் பயணமும்

பனி என்பது தமிழில் பல பொருள் தாங்கி நிற்கும் சொல். புல்லின் நுனியில் தங்கும் துளியும் பனி. உதகையின் புல்வெளியில் விடியற்காலையில் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பதும் பனி. இமயத்தின் முடியில் ஆண்டு முழுதும் உறைந்திருப்பதும் பனி. சாலையை மறைத்து வெண்புகைபோல் நிற்பதும் பனி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த ஒரு சொல் அடிக்கடி தொல்லை தருவதுண்டு. குளிர்காலத்தில் கார் ஓட்டுவது எப்படி என்று மேல்நாட்டார் எழுதிய கையேடுகளைப் புரட்டினால், சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டுவது, சாலையில் உப்பு இறைப்பது, வண்டியில் மண்வெட்டி வைத்துக்கொள்வது என்று அறிவுரைகள் நிறைந்திருக்கும். அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பெங்களூர் வாசிகளிடம் கொடுத்தால் அவர்கள் நகைப்பார்கள். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1884 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள் பதிவானது. நீர் உறையும் நிலைக்கு அது வெகு தொலைவு.

அப்படியானால் நமக்குக் குளிர்கால எச்சரிக்கை வேண்டாமா? வேண்டும். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். அந்த முன்பனிக் காலத்தில்தான் பொங்கல் வருகிறது. பெங்களூரில் வாழும் தமிழர் பல்லாயிரவர் தத்தம் ஊர்களை நோக்கிப் புறப்படும் காலமும் அதுவே. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று இறங்கிச் செல்லும் நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அந்நாட்களில் வண்டிகள் எறும்பு வரிசைபோல் ஊர்கின்றன. நகரின் நெரிசலுக்கு அஞ்சி, விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ கிளம்பிவிடுவது பலருடைய வழக்கம். அட்டிபெலெ சுங்கச்சாவடியை இருள் பிரியுமுன் கடந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் நெரிசலுக்குத் தப்பி நாம் தேர்ந்தெடுக்கும் அந்த வேளைதான் மூடுபனி மிக அடர்ந்து கிடக்கும் வேளை. மனித உடல் உறக்கத்தை மிகவும் நாடும் வேளையும் அதுவே.

மூடுபனி எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், அது எங்கே, எப்போது வரும் என்பதையும் ஓரளவு முன்னறியலாம். வானம் தெளிவாகவும் காற்று அசைவின்றியும் இருக்கும் நீண்ட குளிர்கால இரவில், பகலெல்லாம் பெற்ற வெப்பத்தை நிலம் வெளியே விட்டுவிடுகிறது. நிலம் குளிரவே, அதைத் தொட்டு நிற்கும் ஈரக் காற்றும் குளிர்கிறது. ஓர் அளவுக்குமேல் குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க இயலாது. அது நுண்ணிய துளிகளாகி மிதக்கிறது. ஆகவே ஏரிக்கரைகள், நீர் பாய்ச்சிய வயல்கள், ஆற்றுப் பள்ளங்கள், மலையடிவாரங்கள் ஆகிய இடங்களில் பனி திரண்டு நிற்கும். மேட்டில் தெளிவாயிருந்த சாலை, அடுத்த பள்ளத்தில் இறங்கியதும் திடீரென மறைந்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்துகொண்டே வருவதால், சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டிப் பனி மிகுதியாயிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானபின் கலையும். பொங்கலை ஒட்டிய நாட்களில் பெங்களூரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறே முக்கால் மணிக்கு. எட்டு மணிக்குமேல் பெரும்பாலும் சாலை புலப்படத் தொடங்கும்.

ஆயிரம் மீட்டருக்குக் குறைவாகவே கண் தெரியும் நிலையை வானிலை ஆராய்ச்சியாளர் மூடுபனி என்று கணக்கிடுகின்றனர். இருநூறு மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்த மூடுபனி. ஐம்பது மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. போகிப் பண்டிகையன்று இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பழையன கழிக்கும் பெயரால் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கப்படும் புகை, பனியோடு கலந்து கீழேயே தங்கிவிடுகிறது. 2018 ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் விமானப் போக்குவரத்தே இதனால் தடைப்பட்டது. விமானத்தைத் தாமதப்படுத்த அதிகாரிகள் இருக்கிறார்கள். நம் காரைத் தாமதப்படுத்த நம்மையன்றி வேறு எவரும் இல்லை.

இப்போது சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் ஓடிவிடுகிறது. முன்னே ஒரு தடையைக் கண்டு, அதை இன்னதென உணர்ந்து, காலைப் பிரேக்கின்மேல் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடுகிறது. பிரேக் பிடித்தபின்னும் ஈரமான சாலையில் 35 மீட்டர் சறுக்கிச் சென்றே வண்டி நிற்கும். ஆக மொத்தம் 60 மீட்டர். வேகம் 40 ஆனால் இத்தூரம் 32 மீட்டராகச் சுருங்குகிறது. 30 ஆனால் ஏறக்குறைய 21 மீட்டர். 80 ஆனாலோ 96 மீட்டராக நீள்கிறது. டயரின் நிலைமை, சாலையின் வழுவழுப்பு, வண்டியின் சுமை ஆகியவற்றுக்கேற்ப இவ்வெண்கள் கூடலாம், குறையலாம். ஆயினும் இவற்றின் பொருள் மாறாது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், தாம் காணாத சாலையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து மீட்டர் செல்லத் துணிந்தவராகிறார். அந்தப் பத்து மீட்டரில் பழுதாகி நிற்கும் லாரி ஒன்று இருக்கலாம்.

ஆகவே பனிக்காலப் பயணத்துக்குரிய விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே தகுந்த வேகம். ஆனால் பனிக்குள் மீட்டர்க் கோல் பிடித்து அளக்க இயலுமா? அதற்கும் எளிய வழி உண்டு. சாலையோரத்து மரமோ கம்பமோ பனியிலிருந்து வெளிப்படும் கணத்தில் மனத்துக்குள் எண்ணத் தொடங்க வேண்டும். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று நிதானமாக எண்ணினால் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஆயிரத்து நான்கு என்று சொல்லி முடிக்குமுன் அக்கம்பத்தை அடைந்துவிட்டால் நம் வேகம் மிகுதி. காலை எடுத்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பக்கத்து மரங்கள் மறைந்துவிடும்போது ஓட்டத்தின் விரைவு நமக்கு உறைப்பதில்லை. ஆதலால் வேகமானியையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நலம். தில்லிக்கருகே யமுனா விரைவுச்சாலையில் அண்மை ஆண்டுகளில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரையில் கார்களின் உச்ச வேகத்தை 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைத்து வருகின்றனர். நம் சாலையில் பலகை சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்தக் கட்டுப்பாட்டை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம்.

இனி, வண்டியை ஆயத்தப்படுத்தும் முறையைக் காண்போம். பயணத்துக்கு முதல் நாள் மாலை அரைமணி நேரம் ஒதுக்கினால் இது முடிந்துவிடும்.

முதலாவது விளக்கு. முன் விளக்குகள், பின் விளக்குகள், பிரேக் விளக்குகள், இண்டிகேட்டர்கள் ஆகிய அனைத்தையும் ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவற்றின் கண்ணாடிகளைத் துடைத்துவிட வேண்டும். பனியில் ‘பிரைட்’ விளக்கைப் போடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. பனித்துளிகள் அந்த ஒளியைத் திருப்பி நம் கண்ணிலேயே வீசுவதால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். ‘டிம்’ விளக்கே போதும். தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கு இருந்தால் அதுவும் துணை செய்யும். நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர மின்னவிட்டபடி ஓட்டுவதும் தவறு. அது நிற்கும் வண்டிக்குரிய அடையாளம். ஓடும் வண்டி அதைப் போட்டால், அது நிற்கிறதா, இடம் திரும்புகிறதா, வலம் திரும்புகிறதா என்று பின்னால் வருபவர் அறிய மாட்டார்.

இரண்டாவது கண்ணாடி. வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் அது துடைக்காது, கோடுதான் கிழிக்கும். அதை மாற்றிவிட வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் தொட்டியை நிரப்ப வேண்டும். முன் கண்ணாடியின் உட்புறத்தையும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். அங்கே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். குடும்பத்தோடு செல்கையில் உள்ளிருப்போர் மூச்சினாலேயே கண்ணாடி மங்கிவிடும். கையால் துடைப்பது தற்காலிகமே. காற்றைக் கண்ணாடியின்மேல் திருப்பி, ஏ.சி.யையும் இயக்கினால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏ.சி. இல்லாத வண்டியில் சன்னலைச் சிறிது இறக்கிவிட்டால் போதும். குளிர் சற்று உறைத்தாலும் சாலை தெரியும்.

மூன்றாவது டயரும் பிரேக்கும். டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அந்த டயர் ஓய்வு பெற வேண்டியதே. காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாகுமுன் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியை மறக்கலாகாது. இக்காலத்து வண்டிகளில் சக்கரம் இறுகிச் சறுக்காதபடி காக்கும் பிரேக் அமைப்பு உண்டு. அது ஸ்டியரிங்கை நம் வசத்தில் வைத்திருக்க உதவும். ஆனால் நாம் யோசிக்கும் ஒன்றரை விநாடியை அதனால் திருப்பித் தர இயலாது. வெயிற்காலத்தில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த கிழட்டுப் பாட்டரி, குளிர்ந்த காலையில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். அதையும் முன்னரே சோதித்துவிட வேண்டும். ஒளி எதிரொளிக்கும் முக்கோணப் பலகை, கைவிளக்கு, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகிய நான்கும் வண்டியில் இருக்கட்டும்.

வண்டியை இவ்வளவு கவனிக்கும் நாம், அதை ஓட்டும் உடலைக் கவனிக்கிறோமா? அலுவலகத்தில் மாலை வரை வேலை; பிறகு கடைவீதி; பிறகு மூட்டை கட்டல்; இரவு பதினொரு மணிக்குப் படுக்கை; மூன்று மணிக்கு எழுச்சி. இதுதான் பொங்கல் பயணத்தில் பல ஓட்டுநரின் ஆயத்தம். பின்னிரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே உடலின் விழிப்பு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். தேநீரும் பாட்டும் சற்று நேரம் தாங்கலாம், உறக்கத்துக்கு ஈடாகா. கண் இமை கனத்தால், பேச்சின் தொடர்ச்சி நழுவினால், கடந்த ஊரின் பெயர் நினைவில்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவதே மருந்து. மருந்து என்றதும் மற்றொன்று. சளிக்கும் தும்மலுக்கும் நாம் உட்கொள்ளும் மாத்திரைகள் பலவும், இருமல் மருந்துகள் சிலவும் தூக்கத்தை வரவழைப்பவை. குளிர்காலத்தில் அவை இல்லாத வீடு இல்லை. ஓட்டப் போகிறவர் மருத்துவரிடம் கேட்டறிந்தே அவற்றை அருந்த வேண்டும். மது அருந்தியவர் ஸ்டியரிங்கைத் தொடலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முன்னிருக்கையில் மட்டுமன்றிப் பின்னிருக்கையில் இருப்போரும் பெல்ட் அணிவது சட்டம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைவிட அது காக்கும் உயிர் பெரிது. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன்மேல் பெல்ட்டை மாட்டுவது பயன் தராது. பெல்ட் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். கம்பளி அதன்மேல் இருக்கலாம்.

சாலையில் இறங்கியபின், நம்மைப்போல் விளக்கும் பெல்ட்டும் இல்லாத மற்றவரையும் நினைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூவும், ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளியும் விடியுமுன் சந்தைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திச் சாலையைக் கடக்கும் முதியவரும், பின் விளக்கில்லாத டிராக்டரும், கயிறறுத்துவந்த மாடும் அவ்வேளையில் அங்கே இருக்கக் கூடும். பனியில் அவர்கள் நம்மைக் காண்பதைவிட நாம் அவர்களைக் காண்பது அரிது. வழி தெரியாதபோது முன் செல்லும் லாரியின் சிவப்பு விளக்கை நெருங்கிப் பற்றிக்கொண்டு போவது சிலருக்கு ஆறுதலாயிருக்கிறது. லாரி சாலையை விட்டு இறங்கினால் நாமும் இறங்குவோம். அது திடுமென நின்றால் நாம் நிற்க மாட்டோம். அதைவிடச் சாலையின் இடப்புறக் கோட்டைத் துணையாகக் கொண்டு செல்வது மேல். மற்றொன்று: கிருஷ்ணகிரி செல்லும் திசை ஏறக்குறையத் தென்கிழக்கு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் உதிப்பதும் அந்தப் பக்கமே. பனி மெலியும் வேளையில் தாழ்ந்த வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பனி போயிற்றே என்று விரையும் அக்கணம் விபத்துக்கு ஏற்ற கணம்.

ஒன்றுமே தெரியாத நிலை வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஆனால் சாலையில் நிறுத்தக் கூடாது. சாலையோர உணவகமோ பெட்ரோல் நிலையமோ உள்ள இடத்தில் முழுமையாக விலகி நிறுத்த வேண்டும். பழுதினால் சாலையிலேயே நின்றுவிட நேர்ந்தால், நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டு, எல்லோரையும் இடப்புறமாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, முக்கோணப் பலகையை வெகு பின்னே வைக்க வேண்டும். குளிருக்கு அஞ்சிக் காருக்குள்ளேயே குழந்தைகளை உட்கார வைத்திருப்பது பேராபத்து.

தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய். பெங்களூரின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர். சேலத்தின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவு. அந்த இறக்கத்தின் கடுமையான பகுதி தொப்பூரில்தான். கட்டுப்பாடிழந்த லாரிகள் முன் நின்ற வண்டிகளின்மேல் மோதியதால் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே உயிர்கள் மாண்டன. எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது, பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடேற்றுவது ஆகிய இரண்டும் இறக்கத்தின் பகைவர். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். அதை மிஞ்சிய பாடம் இன்னும் எழுதப்படவில்லை. அங்கே முன்னால் செல்லும் வண்டியை மட்டுமல்ல, பின்னால் வரும் லாரியையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் மைசூர் வழியாக உதகை செல்வோருக்கும் ஒரு சொல். பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வாகனங்களுக்கு அடைக்கப்படுகிறது. கதவு திறந்ததும் போட்டியிட்டுப் பாய்வது கூடாது. இரவெல்லாம் அச்சாலையை ஆண்ட யானை இன்னும் பனிக்குள் நின்றுகொண்டிருக்கலாம். உதகையில் மெய்யான உறைபனியே விழும். காலையில் கார்க் கண்ணாடி வெள்ளேடு படிந்து கிடந்தால் வெந்நீரை ஊற்றலாகாது. கண்ணாடி விரிசல் விடும். பொறுமையாக உட்காற்றால் இளக்க வேண்டும்.

வழியில் பிறருக்கு விபத்து நேர்ந்திருக்கக் கண்டால், வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சி விலகிச் செல்லத் தேவையில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 ஆம் நாள் சட்ட வலிமை அளித்தது. 2019 திருத்தச் சட்டமும் அதை உறுதி செய்தது. நம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 2022 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களாக இருக்கக் கூடும்.

நேயர்களே, இவ்வளவுக்கும் அடியில் இருப்பது நேரம் பற்றிய நம் மனப்பான்மையே. நல்ல நேரத்துக்குள் பொங்கல் பானை வைக்க வேண்டும். அதற்குள் மகன் வந்துவிட வேண்டும் என்று ஊரில் தாயார் எண்ணுகிறார். மகனும் அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விரைகிறான். கையிலுள்ள தொலைபேசி, இத்தனை மணிக்குச் சேர்வீர்கள் என்று நிமிடக் கணக்கும் காட்டுகிறது. அதற்குப் பனி தெரியாது. ஊரிலிருந்து அழைப்பு வருகிறது: “எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?” ஒரு கை ஸ்டியரிங்கை விடுகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. கூடுமானால் முதல் நாளே பகல் வெளிச்சத்தில் புறப்பட்டுவிட வேண்டும். கூடாவிட்டால் வானிலை அறிக்கையைக் கேட்டு, பனி கலைந்தபின் கிளம்ப வேண்டும். நெரிசலில் போகும் இரண்டு மணி நேரம் சலிப்புத் தருவதுதான். ஆயினும் சலிப்பினால் எவரும் இறந்ததில்லை. ஊரில் காத்திருப்போருக்கும் இதில் பங்குண்டு. வண்டி ஓடும் நேரத்தில் அழைக்காமலிருப்பதும், “பானையை நீ வந்தபின்பே வைக்கிறோம், மெதுவாக வா” என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் அவர்கள் செய்யக்கூடிய பேருதவி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. எந்தப் பனியும் வெயிலுக்கு முன் நிற்பதில்லை. வெயில் வரும்வரை பொறுத்திருப்பதே நாம் வண்டிக்கும் நமக்கும் செய்துகொள்ளும் முதல் ஆயத்தம்.